எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது என்பதை நிரூபிப்பது எப்படி? அறிவின் தர்க்கம் வழியாக அநாமதேயம்: முழுமையான வழிகாட்டி

"பெயர் கேட்க மாட்டோம், போன் நம்பர் கேட்க மாட்டோம், தைரியமாக எழுதுங்கள்" என்று சொல்லும் ஆன்லைன் புகார்ப் படிவங்கள் இப்போது கல்லூரி, மில், எஸ்டேட் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டன. அந்த வாக்குறுதியை நம்பி எழுதுகிறவர் தன் வேலையையே பணயம் வைக்கிறார். அதனால் படிவத்தைச் செய்பவர் "பெயரை எடுத்துவிட்டேன்" என்று நின்றுவிடக் கூடாது. பெயர் இல்லாததும், யாரென்று தெரியாததும் ஒன்றல்ல. அநாமதேயம் என்பது செர்வருக்குள் இருக்கும் ஒரு குணமும் அல்ல. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட விஷயம் தெரியாது என்ற கூற்றுதான் அது. அந்தக் கூற்றை எழுதலாம், சோதிக்கலாம், பொய்யென்றால் எங்கே பொய்யாகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதற்கான கருவி அறிவின் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்துக்கு 1962-ல் தெளிவான உருவம் கொடுத்தவர் ஃபின்லாந்தின் யாக்கோ ஹின்டிக்கா. பின்னால் ஃபேகின், ஹால்பெர்ன், மோசஸ், வர்தி ஆகியோர் அதைக் கணினி அமைப்புகளுக்குப் பொருத்தினார்கள். அநாமதேயத்தை முறையான தர்க்கத்தில் எழுதும் முயற்சியை 1999-ல் சைவர்சனும் ஸ்டபிள்பைனும் எடுத்தார்கள். 2003-ல் ஜோசப் ஹால்பெர்னும் கெவின் ஓநீலும் கொடுத்த வரையறைகளே கைக்கு எளிதானவை. இந்த வழிகாட்டியின் முதுகெலும்பும் அவைதான். கணிதம் அதிகம் வேண்டாம். பேப்பரும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எடுத்துக்காட்டுக்குச் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பறித்த பழத்தை எடை போடும் இடத்தில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள்: செல்வி, மாரி, ஜெயா, லட்சுமி, கோவிந்தன், ராஜா. தராசு எடையைக் குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு மதியம் 1.10-க்குப் படிவத்தில் ஒரு புகார் வருகிறது. எழுதியவர் செல்வி. அந்தப் பள்ளத்தில் செல்போன் சிக்னல் எடுக்காது. எஸ்டேட் வைஃபை ஒன்றுதான் வழி. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், கதையைத் திருப்பப் போவது அதுதான்.

படி 1: மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

செய்தவராக இருக்கக்கூடியவர்கள் யார் யார்? மறைக்க வேண்டிய செயல் எது? யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "இது அநாமதேயமான படிவம்" என்ற வாக்கியமே முழுமையில்லாதது. "மேலாளரைப் பொறுத்தவரை அநாமதேயம்" என்றால்தான் அதற்குப் பொருள் உண்டு. நம் எஸ்டேட்டில் பார்ப்பவர்கள் நான்கு பேர்: புகாரைப் படிக்கும் மேலாளர், கூடவே நிற்கும் மேஸ்திரி, வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் பையன், எடைக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை. படிவத்தின் செர்வரை நடத்துபவரையும் சேர்த்தால் ஐந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சாத்திய உலகங்களை எழுதுங்கள்

என்னென்ன நடந்திருக்கலாமோ, அவை ஒவ்வொன்றும் ஓர் உலகம். செல்வி எழுதிய உலகம், மாரி எழுதிய உலகம், இப்படி ஆறு. யாருமே எழுதாத உலகம் ஏழாவது.

உலகம் என்பது எழுதிய ஆளின் பெயர் மட்டும் அல்ல. அந்த நேரத்தில் யார் போன் வைஃபையில் இருந்தது, யார் எங்கே நின்றார், எடை நோட்டில் என்ன எண் விழுந்தது, எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் உலகம். மாரி எழுதிய உலகத்தில் மாரியின் போன் வைஃபையில் இருந்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லையே. இப்படிப் பொதுவாகத் தெரிந்த உண்மைகள் ஆரம்பத்திலேயே பல உலகங்களைத் தள்ளிவிடும். எவற்றைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒவ்வொருவர் கண்ணுக்கும் என்ன தெரிகிறது?

ஒரு பார்ப்பவர் கண்டது, கேட்டது, நினைவில் வைத்திருப்பது எல்லாம் சேர்ந்து அவருடைய உள்நிலை. இரண்டு உலகங்களில் அவருடைய உள்நிலை ஒன்றாகவே இருந்தால், அவருக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. பேப்பரில் அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு போடுங்கள்.

மேலாளர் கண்டது புகாரின் வாசகமும் 1.10 என்ற நேரமும். அவருக்கு ஆறு உலகமும் ஒன்றோடொன்று கோடால் இணைந்திருக்கின்றன. வைஃபை பையனின் லாக்கில், அதாவது எந்த போன் எப்போது இணைந்திருந்தது என்ற பதிவில், 1.10-க்கு மூன்று போன்கள் இருக்கின்றன: செல்வி, ஜெயா, ராஜா. உள்ளே என்ன போனது என்று அவனுக்குத் தெரியாது. புகார் வந்ததே அவனுக்குத் தெரியாது. மேஸ்திரியோடு அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜெயா, கோவிந்தன், ராஜா. மூவரும் போனைக் கையில் எடுக்கவில்லை, மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

படி 4: 'அறிவார்' என்பதன் பொருள்

இங்கே வரையறை ஒன்றே ஒன்று. ஒருவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாத எல்லா உலகங்களிலும் ஒரு கூற்று உண்மையாக இருந்தால், அவர் அந்தக் கூற்றை அறிவார். ஒரே ஓர் உலகத்திலாவது அது பொய்யானால் அவர் அறியமாட்டார்.

அறிவார்(மேலாளர், செல்வி எழுதினார்) என்று எழுதுவோம். இதற்கு இணையான இன்னொன்று, இடமுண்டு(மேலாளர், மாரி எழுதினார்). மாரி எழுதியிருக்க மாட்டார் என்று மேலாளரால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது இதன் பொருள்.

இந்த அறிவுக்குச் சில குணங்கள் உண்டு. அறிந்தது உண்மையாகத்தான் இருக்கும். தெரிந்தது தெரியும் என்பதும், தெரியாதது தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மாதிரியில் பார்ப்பவர் குறையில்லாத அறிவாளி. தான் அறிந்ததிலிருந்து வரும் எல்லா முடிவுகளையும் அவர் எடுத்துவிடுவார். மேஸ்திரி அவ்வளவு யோசிக்க மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். பாதுகாப்பைச் சோதிக்கும்போது எதிரில் இருப்பவரைக் கெட்டிக்காரராக வைத்துக்கொள்வதே நியாயம். இதில் ஒரு சிக்கலும் உண்டு: கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரர் என்றால், செய்தியைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷனையும் உடைத்துவிடுவாரே? அதனால் என்கிரிப்ட் செய்த செய்தியைத் திறக்க முடியாத ஒரு பொட்டலமாக மட்டும் உள்நிலையில் எழுதுங்கள். அளவும் நேரமும் தெரியும், உள்ளடக்கம் தெரியாது.

படி 5: எந்த அளவு அநாமதேயம் வேண்டும் என்று எழுதுங்கள்

ஹால்பெர்ன்–ஓநீல் வரையறைகள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

குறைந்தபட்ச அநாமதேயம்: 'அறிவார்(மேலாளர், செல்வி எழுதினார்)' எந்த உலகத்திலும் உண்மையாகக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தேகம் இரண்டே பேர்மேல் நின்றாலும் இது நிறைவேறிவிடும். எஸ்டேட்டில் இரண்டு பேர் என்றால் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவார்கள். என் கருத்தில் புகார்ப் படிவத்துக்கு இந்த அளவு போதவே போதாது.

முழு அநாமதேயம்: செல்வி எழுதினார் என்றால், பார்ப்பவரைத் தவிர மற்ற ஒவ்வொருவர் பெயருக்கும் 'இடமுண்டு' உண்மையாக வேண்டும். உலகம் முழுக்க இதைக் கொடுக்க யாராலும் முடியாது. ஆகவே இந்த ஆறு பேருக்குள் என்று ஒரு குழுவைக் குறித்து, அந்தக் குழு வரைக்கும் அநாமதேயம் என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும். குழுவில் குறைந்தது இத்தனை பேர் இருந்தால் போதும் என்று எண்ணை மட்டும் கேட்பது இன்னொரு வகை.

'பார்ப்பவரைத் தவிர' என்ற சொல்லை லேசாக விடாதீர்கள். மேஸ்திரியும் புகார் எழுதக்கூடியவர்தான் என்று ஏழு பேர் கணக்குக் காட்டினால், மேலாளருக்கு ஏழு, மேஸ்திரிக்கு ஆறுதான். தான் எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியுமே.

இந்த வாக்கியங்கள் நடந்துபோன ஒரு நாளுக்கு மட்டும் உண்மையானால் பயனில்லை. எல்லா உலகங்களிலும் உண்மையாக வேண்டும். செல்வி எழுதியபோது தப்பித்தார், லட்சுமி எழுதியிருந்தால் மாட்டியிருப்பார் என்றால் அந்த அமைப்பு தோல்விதான்.

படி 6: பார்ப்பவர்களைச் சேர்த்துப் பாருங்கள்

மேலாளரிடம் நேரம் இருக்கிறது. பையனிடம் மூன்று பெயர். மேஸ்திரியிடம், போனை எடுக்காத மூன்று பெயர். அதாவது மிச்சமுள்ள செல்வி, மாரி, லட்சுமி. தனித்தனியாக எவரும் அறியவில்லை. மூவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் (செல்வி, ஜெயா, ராஜா), (செல்வி, மாரி, லட்சுமி) இரண்டுக்கும் பொதுவானவர் ஒரே ஒருவர்.

இப்படி ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக்கிடக்கும் அறிவுக்குப் பரவலறிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது. மூவரின் கோடும் ஒன்றாகப் போகும் இடத்தில் மட்டும் கோட்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். செல்வி உலகத்திலிருந்து வேறு எந்த உலகத்துக்கும் கோடு மிஞ்சவில்லை.

வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: "சார், பேரு, நம்பர் எதுவுமே வாங்கலையே, படிவம் மேல என்ன தப்பு?" தப்பு, நேரத்தை நிமிடத்தோடு காட்டியதில் இருக்கிறது. பல துண்டுகளைக் கோக்கும் நூல் அதுதான்.

நிஜத்திலும் இப்படியே நடந்திருக்கிறது. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர், இணையத்தில் யார் எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக, தற்காலிக மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்தி அனுப்பியிருந்தார். டோரை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குப் போனவர் யார் என்று பார்த்தார்கள். அந்த வழியில் ஒரு மாணவர் அகப்பட்டார், விசாரித்தபோது ஒப்புக்கொண்டார். மிரட்டல் விடுத்தவர் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் புகார் எழுதும் அப்பாவியையும் அதே வழியில் பிடிக்க முடியும்.

அதற்கு முன்பே கணினி ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி இதைத் தரவுத்தொகுப்பில் காட்டியிருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவத் தரவையும் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலையும் அவர் இணைத்தார். அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்தநாளில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று. அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆறு, மூன்று, ஒன்று; நம் பேப்பரில் கோடு அழிந்த அதே வேகம்.

படி 7: அறிவிப்புகள் உலகங்களை வெட்டும்

மறுநாள் காலை மேலாளர் எல்லோரையும் கூட்டி, "நேத்து மதியம் ஒண்ணு பத்துக்கு ஒரு புகார் வந்திருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். தராசைப் பார்க்கச் சொல்லிட்டேன்" என்கிறார். நல்ல மனதோடு சொன்னது, முழு உண்மை, யார் பெயரும் இல்லை.

பையனின் பேப்பரைப் பாருங்கள். அதுவரை யாருமே எழுதாத உலகமும் அவனுக்குச் சாத்தியமாக இருந்தது. இந்த வாக்கியத்துக்குப் பின் மூன்று உலகம்தான். மேஸ்திரிக்கும் மூன்றுதான். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் முடிந்தது. எல்லோர் முன்னும் சொன்ன உண்மை எப்படி உலகங்களை அழிக்கிறது என்பதற்குத் தனித் தர்க்கமே உண்டு. யான் பிளாசா 1989-ல் எழுதியது அதன் தொடக்கம். நடைமுறையில் செய்ய வேண்டியது இது: யார் எதை அறிவித்தாலும், அந்த வாக்கியம் பொய்யாகும் உலகங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு பேப்பரையும் மறுபடி சோதியுங்கள். "எனக்குத் தெரியாது" என்பதும் அறிவிப்புதான். அதுவும் சில உலகங்களை அடிக்கக்கூடும்.

ஆக, படிவத்தை வடிவமைப்பவர் மேலாளருக்கு எதைக் காட்டுகிறோம் என்பதோடு, அவர் அதை எந்தச் சொற்களில் வெளியே சொல்லலாம் என்பதையும் எழுதிக்கொடுக்க வேண்டும்.

படி 8: ஓட்டையை அடைத்து, மறுபடி சோதியுங்கள்

குறியாக்க ஆய்வாளர் டேவிட் சாம் 1981-லேயே சொன்ன வழி, செய்திகளைச் சேர்த்துவைத்து, வரிசையைக் கலைத்து, மொத்தமாக வெளியே விடுவது. நம் எஸ்டேட்டுக்கு அதைப் பொருத்தினால்: ஆறு போனிலிருந்தும் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் ஒரு பொட்டலம் போகும். புகார் இருந்தால் அது, இல்லையென்றால் வெற்று. செர்வர் வெற்றை நீக்கி, மிச்சத்தைக் கலைத்து, சனிக்கிழமை மேலாளருக்குக் கொடுக்கும். நேரம் இல்லை, நாளும் இல்லை.

பையனின் லாக்கில் இப்போது ஆறு பேரும் எப்போதும் இருப்பார்கள். மேஸ்திரி கண்ட டீ நேரத்துக்குப் பொருள் போய்விட்டது. மேலாளருக்கு வாசகம் மட்டும். செர்வரை நடத்துபவருக்கு? அவர் பொட்டலத்தைத் திறக்கிறார், அவருக்குத் தெரியும். ஆகவே செய்தியை உறைக்குள் உறையாகப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல செர்வர்களை வைத்து, ஒவ்வொன்றும் ஓர் உறையை மட்டும் பிரிக்கும்படி செய்தார் சாம். அவற்றில் ஒன்று நேர்மையாக இருந்தாலும் வழி துண்டிக்கப்படும். டோர் செய்திகளைச் சேர்த்துக் கலைப்பதில்லை, உடனுக்குடன் அனுப்பும். ஆனால் மூன்று இடங்களைக் கடந்து போகும் உறைகள் என்ற எண்ணம் அங்கேயும் அதுதான்.

சரி, மறுசோதனையில் ஒரு நுணுக்கம். செல்வியின் உலகத்துக்கு மாற்றாக மேலாளருக்கு ஓர் உலகம், பையனுக்கு வேறோர் உலகம், மேஸ்திரிக்கு இன்னோர் உலகம் என்று தனித்தனியாகக் காட்டினால் போதாது. மாரி எழுதிய ஒரே உலகத்தைக் காட்டி, அதில் மூவரின் உள்நிலையும் ஒரே நேரத்தில் மாறாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட உலகத்தை உங்களால் கட்டிக்காட்ட முடிந்தால் அது நிரூபணம். முடியவில்லையென்றால் எந்த இடத்தில் கட்ட முடியாமல் நிற்கிறீர்களோ அதுவே ஓட்டை. நான் இந்த முறையை மதிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். "பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்பதற்கு இடமே கொடுக்காது.

இவ்வளவு செய்தும் கணக்குப்பிள்ளை மிச்சம் இருக்கிறார். புகாரில் "என் மூட்டை 42 கிலோ, நோட்டில் 38 என்று எழுதினார்கள்" என்று இருந்தால், அந்த வார நோட்டில் 38 என்ற எண் ஒரே ஒரு பெயருக்கு நேராக இருக்கும். எந்த மென்பொருளும் இதை மறைக்காது. படிவத்தில் விருப்பங்களை மட்டும் கொடுத்து எழுதும் பெட்டியை எடுத்துவிடலாம். ஆனால் அப்போது புகாரின் வலுவே போய்விடும், அதை நான் சொல்ல மாட்டேன். அனுப்பும் முன், "எடையும் தேதியும் எழுதினால் நோட்டைப் பார்த்து உங்களைக் கண்டுபிடிக்கலாம்" என்று படிவம் தெளிவான தமிழில் எச்சரிக்கட்டும். முடிவை எழுதுபவரே எடுக்கட்டும்.

படி 9: பூவா தலையா நெறிமுறையைக் கையால் நிரூபித்துப் பாருங்கள்

நடுவில் செர்வரே வேண்டாம் என்றால்? 1988-ல் சாம் வெளியிட்ட 'சாப்பாட்டு மேஜைக் குறியீட்டாளர்' நெறிமுறை (யார் எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்ற விதிகள்), அறிவின் தர்க்கத்தைப் பழக மிகச் சிறந்த பயிற்சி.

செல்வி, மாரி, ஜெயா மூவர். இவர்களில் ஒருவர் புகார் சொல்ல விரும்பலாம், யாரும் விரும்பாமலும் இருக்கலாம். ஒவ்வொரு ஜோடியும் மூன்றாமவர் பார்க்காமல் ஒரு நாணயம் சுண்டுகிறது. ஆக ஒவ்வொருவருக்கும் இரண்டு நாணயம் தெரியும், ஒன்று தெரியாது. தான் கண்ட இரண்டும் ஒன்றா வேறா என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். புகார் உள்ளவர் மட்டும் மாற்றிச் சொல்வார். 'வேறு' என்ற சொல் ஒற்றைப்படையில் வந்தால் மூவரில் ஒருவருக்குப் புகார் உண்டு. இரட்டைப்படை என்றால் இல்லை.

செல்வி–மாரி நாணயம் தலை, மாரி–ஜெயா பூ, ஜெயா–செல்வி தலை என்று வைத்துக்கொள்வோம். புகார் மாரிக்கு. செல்வி கண்டது தலை, தலை: "ஒன்று" என்கிறார். மாரி கண்டது தலை, பூ: உண்மை 'வேறு', ஆனால் மாற்றி "ஒன்று" என்கிறார். ஜெயா கண்டது பூ, தலை: "வேறு". ஒரு 'வேறு', ஒற்றைப்படை. புகார் உண்டு.

இப்போது ஜெயாவின் பேப்பர். தனக்குப் புகார் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரியாதது செல்வி–மாரி நாணயம் மட்டும். அது தலை என்றால், செல்வி சொன்ன "ஒன்று" உண்மை. மாரி மாற்றிச் சொல்லியிருக்கிறார். அது பூ என்றால், செல்வி கண்டது பூ, தலை. அவர் "ஒன்று" என்றது மாற்றிச் சொன்னது. மாரி கண்டது பூ, பூ, அவர் சொன்னது உண்மை. இரண்டு உலகத்திலும் ஜெயா கண்டதும் கேட்டதும் ஒன்றே. அறிவார்(ஜெயா, மாரிக்குப் புகார்) பொய். நிரூபணம் முடிந்தது, எந்தக் கம்ப்யூட்டர் வேகத்தாலும் இதை உடைக்க முடியாது.

படி 6-ஐ இங்கேயும் செய்யுங்கள். செல்வியும் ஜெயாவும் கூட்டுச் சேர்ந்தால் மாரியின் இரு நாணயங்களும் அவர்கள் கையில். மாரி மாற்றிச் சொன்னது உடனே தெரிந்துவிடும். இருவருக்கு ஒரே நேரத்தில் புகார் இருந்தால் இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, யாருக்கும் இல்லை என்று காட்டும். இவை நெறிமுறையின் எல்லைகள், மறைக்காமல் எழுதிவைக்க வேண்டியவை.

படி 10: 'இடமுண்டு' என்றால் எவ்வளவு இடம்?

அந்த நாணயம் நூற்றுக்குத் தொண்ணூறு முறை தலையே விழும் நாணயம் என்று ஜெயாவுக்குத் தெரிந்தால்? உலகங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, படி 5-ன் வரையறை இன்னும் நிறைவேறுகிறது. ஆனால், ஆரம்பத்தில் இருவர்மேலும் சம சந்தேகம் என்றால், மாரிதான் என்பதற்கு இப்போது 90 சதவீத வாய்ப்பு. வேலையை விட்டு நிறுத்த அது போதும். ஆகவே ஒவ்வொரு உலகத்துக்கும் வாய்ப்பைப் போட்டு, "பார்ப்பவர் கணக்கில் எவர்மேலும் சந்தேகம் இந்த அளவைத் தாண்டாது" என்று இன்னொரு வாக்கியமும் எழுத வேண்டும்.

ரைட்டரும் ரூபினும் 1998-ல் வெளியிட்ட க்ரௌட்ஸ் அமைப்பில் இந்த எண்ணிக்கை அழகாக வெளிவரும். செய்தி நேராகப் போகாமல் முதலில் குழுவில் யாராவது ஒருவரின் கருவிக்குப் போகும். அது 3/4 வாய்ப்பில் மறுபடி குழுவில் ஒருவருக்கு, 1/4 வாய்ப்பில் வெளியே அனுப்பும். ஆறு பேர் குழு, அதில் ஒருவர் உளவாளி. அவருக்குச் செல்வியின் கருவியிலிருந்து செய்தி வருகிறது. உளவாளியைத் தவிர்த்த ஐந்து பேருக்கும் 'இடமுண்டு'. ஆனால் செல்வியே ஆரம்பித்தவர் என்பதற்கு வாய்ப்பு சரியாகப் பாதி. மற்ற நால்வருக்கும் தலா எட்டில் ஒன்று. குழு ஐந்து பேராகச் சுருங்கினால் செல்விமேல் 55 சதவீதம். பாதியைத் தாண்டக் கூடாது என்பதே அவர்கள் வைத்த கோடு. ஆக இந்த அமைப்புக்கு ஆறு பேர்தான் குறைந்தபட்சம்.

நாம் எல்லோரும் பார்த்த ஓர் அமைப்பில் போட்டுப் பாருங்கள்

கையில் பழகிய முறையை வாக்குச்சாவடிமேல் வைத்துப் பார்க்கலாம். 2013-க்கு முன் யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர், 49-ஓ விதிப்படி சாவடியின் பதிவேட்டில் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்களின் உள்நிலையில் அது பளிச்சென்று விழுந்துவிடும். அறிவார்(முகவர், இவர் யாருக்கும் போடவில்லை) உண்மையாகிவிடும். 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் இது இரகசிய வாக்குரிமைக்கு எதிரானது என்று சொல்லி நோட்டா பொத்தானைக் கொண்டுவரச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதலில் வந்தது நம் ஏற்காடு தொகுதியில்தான், அதே ஆண்டு டிசம்பர் 4-ல் நடந்த இடைத்தேர்தலில்.

ஒரு விரிசல் இன்னும் இருக்கிறது. இயந்திர எண்ணிக்கை சாவடி வாரியாக வெளியே வருகிறது. ஒரு சாவடியில் விழுந்த வாக்கெல்லாம் ஒரே வேட்பாளருக்கு என்றால், வாக்களித்த ஒவ்வொருவரும் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும். குழு எவ்வளவு பெரிதானாலும் காப்பாற்றாது. எல்லா உலகத்திலும் எல்லோரும் ஒரே செயலைச் செய்திருக்கிறார்களே. மலைக் கிராமங்கள் போல வாக்காளர் குறைந்த சாவடிகளில் இது கூடுதல் கவலை. வாக்குச்சீட்டு காலத்தில், தேவைப்பட்ட இடத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. பல சாவடி இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்தே வெளியிடும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் முன்வைத்தது. சட்ட ஆணையமும் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பெரிய அமைப்பென்றால்

கையால் எழுத ஆறு பேர் வரை ஓடும். பூவா தலையா நெறிமுறையில் மூன்று பேருக்கு நாணய நிலைகள் 8, புகார் நிலைகள் 4, மொத்தம் 32 உலகங்கள். ஆறு பேரை வட்டமாக உட்கார வைத்து அடுத்தடுத்தவர் மட்டும் சுண்டினாலும் 448. இருபது பேருக்கு இரண்டு கோடியே இருபது லட்சத்தைத் தாண்டும். இதற்கென்று எம்சிகே, எம்சிமாஸ் போன்ற மாதிரிச் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. உலகங்களையும் உள்நிலைகளையும் அவற்றின் மொழியில் விவரித்து, 'அறிவார்' வாக்கியத்தைக் கொடுத்தால் உண்மையா பொய்யா என்று சொல்லும். முதலில் மூன்று பேர் நெறிமுறையைப் போட்டு, கையால் கண்ட விடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் அமைப்புக்குப் போங்கள்.

ஏதாவது ஒன்று மாறினால், மென்பொருளைத் தொடாவிட்டாலும், பேப்பரைப் புதிதாக எழுத வேண்டும். எஸ்டேட்டில் பறிப்புக் காலம் முடிந்ததும் எடை போடும் இடத்தில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அப்போது அதே படிவம் அந்த இருவரையும் காட்டிக்கொடுக்கும். அந்த மாதங்களில் பக்கத்து எஸ்டேட்டுகளின் தொழிலாளர்களையும் ஒரே குழுவாகச் சேர்த்து, எந்த எஸ்டேட் என்பதையும் நீக்கிவிட்டுப் புகாரை வெளியிடுங்கள். அது முடியாது என்றால் 'பெயர் தெரியாது' என்ற வரியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.